திங்கள் விடியற்காலை மட்டும் வந்த பிழை: கும்மிடிப்பூண்டி லைன் ரயில் நேரச் செயலி, ஒரு நிகழ்வு ஆய்வு

செயலி வெளியான மூன்றாவது வாரத்தில் முதல் புகார் வந்தது. மீஞ்சூரிலிருந்து காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் ஒருவர், திங்கட்கிழமை விடியற்காலையில் அடுத்த வண்டி எப்போது என்று செயலியில் பார்த்தார். அது காட்டிய வண்டிக்கு முன்பே, காட்டாத வண்டி ஒன்று வந்து நின்று கிளம்பியும் போய்விட்டது. செயலியை எழுதியவர் அன்று இரவு உட்கார்ந்து சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது. செவ்வாய் விடியற்காலையும் சரி, புதன், வியாழனும் சரி. அடுத்த திங்கள் மறுபடி அதே புகார்.

எழுதியவர் வண்ணாரப்பேட்டைக்காரர். பி.காம். முடித்து, பயிற்சி மையத்தில் ஆறு மாதம் வலை நிரலாக்கம் கற்று, வேலையில் சேர்ந்தவர். பக்கம் கட்டத் தெரியும், ஏபிஐ (வேறொரு நிரலிடம் தரவு கேட்கும் வழி) அழைக்கத் தெரியும். கணினி அறிவியலை முறையாகப் படித்ததில்லை. வட சென்னையில் இந்தப் பாதையில் வந்த டெவலப்பர்கள் ஏராளம். அவர்களில் பலர் வேலைத் தேர்வுக்காக நூற்றுக்கணக்கான புதிர்க் கணக்குகளைப் போடுகிறார்கள். அதைவிட, உண்மையான மனிதர்கள் பயன்படுத்தும் ஒரு சிறிய செயலியின் பிழைகளை வேர்வரை தோண்டுவது அதிகம் கற்றுத்தரும் என்பது இந்த ஆய்வின் நிலைப்பாடு. இந்தச் செயலியில் வந்த ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் ஒரு பாடம் இருந்தது, பிழைதான் முதலில் வந்தது.

கட்டமைப்பு எளிது. சர்வர் இல்லை, தரவுத்தளம் இல்லை. நிலையான பக்கங்கள், அட்டவணையை வைத்திருக்கும் ஒரு ஜேசன் தரவுக் கோப்பு, இணையம் இல்லாதபோதும் ஓட ஒரு சர்வீஸ் வொர்க்கர் (கோப்புகளை உலாவியில் சேமித்துத் தரும் பின்னணி நிரல்). பாதை ஆங்கில ஒய் எழுத்து மாதிரி. ஒரு கிளை கடற்கரையில் தொடங்கி ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக வரும்; இன்னொன்று சென்ட்ரலில் தொடங்கி பேசின் பிரிட்ஜ் வழியாக வரும். இரண்டும் கொருக்குப்பேட்டையில் சேர்ந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று வடக்கே போகும். சில வண்டிகள் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி சூலூர்பேட்டை வரை.

ஐந்தரை மணி நேரப் பள்ளம்

பிழைக்குக் காரணம் ஒரே வரி. இன்று என்ன தேதி என்று தெரிந்துகொள்ள ‘டூஐஎஸ்ஓஸ்டிரிங்’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூற்றை (ஃபங்ஷன்) அழைத்து, வரும் சரத்தின் (எழுத்துத் தொடரின்) முதல் 10 எழுத்துகளை வெட்டி எடுத்திருந்தார். பல நிரல்களில் ஒட்டப்பட்டிருக்கும் வரிதான். ஜாவாஸ்கிரிப்ட்டின் தேதி என்பது உள்ளே ஒரே ஓர் எண்: 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நள்ளிரவிலிருந்து கடந்த மில்லி வினாடிகள். டூஐஎஸ்ஓஸ்டிரிங் அதை எப்போதும் உலகப் பொது நேரத்தில்தான் எழுதும். நாம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறோம். திங்கள் காலை 4:40-க்கு மீஞ்சூர் நடைமேடையில் நிற்பவருக்கு, அந்த வரியின் கணக்கில் ஞாயிறு இரவு 11:10. செயலி நேர்மையாக ஞாயிற்றுக்கிழமை அட்டவணையை எடுத்துக் காட்டியது.

மற்ற நாட்களில் ஏன் தெரியவில்லை? அவரது தரவில் இரண்டே அட்டவணைகள்: வாரநாள் ஒன்று, ஞாயிறு ஒன்று. செவ்வாய் விடியற்காலையில் செயலி திங்கள் என்று தவறாக நினைத்தாலும் எடுப்பது அதே வாரநாள் அட்டவணை. ஞாயிறு விடியற்காலை, திங்கள் விடியற்காலை என்ற இரண்டு இடங்களில் மட்டுமே தவறு வெளியே தெரியும். வாரத்தின் 168 மணி நேரத்தில் 11 மணி நேரம். அதுவும் எழுதியவர் தூங்கும் நேரம். காசிமேட்டில் ஏலம் கேட்கப் போகிறவர்கள் விழித்திருக்கும் நேரம். செய்பவரும் பயன்படுத்துபவரும் ஒரே கடிகாரத்தில் வாழவில்லை என்றால், இப்படிப்பட்ட பிழை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

முதல் திருத்தம் தவறாகப் போனது. நேரத்தோடு 330 நிமிடங்களைக் கூட்டிவிட்டு அதே வரியைப் பயன்படுத்தினார். விடை சரியாக வந்தது. ஆனால் அதே தேதிப் பொருளிலிருந்து வேறோர் இடத்தில் மணியையும் எடுத்திருந்ததால், அங்கே மணி ஐந்தரை முன்னால் ஓடியது. பிழை இடம் மாறியதே தவிர போகவில்லை. சரியான வழி, ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே உள்ள ‘இன்டல் டேட்டைம்ஃபார்மட்’ என்ற கருவிக்கு நேர மண்டலமாக ‘ஏசியா/கொல்கத்தா’ என்று கொடுத்து, கிழமை, மணி, நிமிடம் மூன்றையும் அதனிடமே கேட்பது. கைபேசி வேறு நாட்டு நேரத்தில் இருந்தாலும் அப்போது விடை மாறாது.

பக்கத்திலேயே இன்னொரு கண்ணி. நேரம் இல்லாத வெறும் தேதிச் சரத்தைக் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை உலகப் பொது நேரமாகப் படிக்கும். அதோடு மணியைச் சேர்த்து மண்டலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் உள்ளூர் நேரமாகப் படிக்கும். விடுமுறை நாட்களின் பட்டியலை வெறும் தேதிச் சரமாக வைத்திருப்பவர்கள் அதைத் தேதிப் பொருளாக மாற்றவே கூடாது. சரத்தைச் சரத்தோடு ஒப்பிட்டால் போதும்.

அடுத்தது நள்ளிரவு. ஞாயிறு இரவு கிளம்பி 12:15-க்கு ஒரு நிலையத்தைத் தொடும் வண்டி எந்த நாளுடையது? ஊழியர்களுக்கும் பயணிகளுக்கும் அது ஞாயிற்றுக்கிழமையின் கடைசி வண்டி. போக்குவரத்து அட்டவணைகளுக்கான ஜிடிஎஃப்எஸ் வடிவத்தில் இதை 24:15 என்றே எழுதுவார்கள். அவரும் அதைப் பின்பற்றி எல்லா நேரங்களையும் நிமிட எண்ணாக மாற்றினார்: 4:40 என்பது 280; நள்ளிரவு தாண்டிய 12:15 என்பது 1455. திங்கள் 12:10-க்குத் தேடினால், திங்கள் அட்டவணையில் 10-க்கு மேலும், நேற்றைய அட்டவணையில் 1450-க்கு மேலும், இரண்டிலும் பார்க்க வேண்டும். ஒன்றை விட்டாலும் கடைசி வண்டி காணாமல் போகும்.

சோதனையை எழுத, ‘இப்போது’ என்பதைச் செயற்கூற்றுக்குள் கேட்காமல் வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பாக மாற்றினார். இந்த ஒரு மாற்றத்தை நாம் பெரிதும் மதிக்கிறோம். அதன்பின் திங்கள் விடியலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாரம் முழுவதையும் அரை மணிக்கு ஒரு புள்ளியாக 336 புள்ளிகளில் ஓட்டி, எந்த அட்டவணை எடுக்கப்படுகிறது என்று பார்த்தார். பழைய நிரல் சரியாக 22 இடங்களில் தோற்றது. எதிர்பார்த்த எண்ணும் கிடைத்த எண்ணும் ஒன்றானால்தான் காரணத்தைப் புரிந்துகொண்டோம் என்று சொல்ல முடியும். 20 வந்திருந்தால் இன்னொரு பிழை ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

கொருக்குப்பேட்டை எத்தனை எழுத்து?

இரண்டாவது புகார் தேடலைப் பற்றியது. கொருக்குப்பேட்டை என்று வேறோர் ஆவணத்திலிருந்து எடுத்து ஒட்டித் தேடினால் எதுவும் கிடைக்கவில்லை. அதையே விசைப்பலகையில் தட்டினால் கிடைத்தது. இரண்டும் திரையில் ஒரு புள்ளி மாறாமல் ஒன்றுபோலவே இருந்தன.

நமக்கு அது எட்டு எழுத்து: கொ, ரு, க், கு, ப், பே, ட், டை. ஜாவாஸ்கிரிப்ட்டிடம் நீளம் கேட்டால் ஒன்றுக்கு 16 என்றும் இன்னொன்றுக்கு 17 என்றும் சொன்னது. எழுத்துகளுக்கு எண் தரும் தரமான யூனிகோடில் க, ர போன்ற அடிப்படை எழுத்துக்கு ஒரு குறியெண், அதன் மேல் ஏறும் உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ இன்னொரு குறியெண். ஆகவே எட்டு எழுத்துக்குப் பதினாறு. ‘கொ’வின் குறியை மட்டும் இரண்டு விதமாக எழுதலாம்: 3018 என்ற ஒரே எண்ணாக, அல்லது ஒற்றைக் கொம்பு 3014, துணைக்கால் 3006 என்று இரண்டாக. யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது. சரங்களை எண்ணுக்கு எண் ஒப்பிடும் நிரலுக்கு அவை வேறு வேறு. குறியெண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட் என்பதால் ஒன்று 48 பைட், மற்றது 51.

மருந்து ‘நார்மலைஸ்’ என்ற செயற்கூறு. என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவம் கேட்டால் 3014-உம் 3006-உம் சேர்ந்து 3018 ஆகிவிடும். சேமிக்கும் பெயருக்கும் தேடும் சொல்லுக்கும் இரண்டுக்குமே செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுகிறவர்கள் அதிகம். பிடிஎஃப்பிலிருந்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகலக் குறிகள், 8203, 8204 போன்றவை, கூடவே வரும். அவற்றையும் நீக்க வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய ஆவணமென்றால் நார்மலைஸ் உதவாது. உள்ளே இருப்பது தமிழ்க் குறியெண்ணே அல்ல, அதற்கு மாற்றி தேவை.

இன்னொன்றையும் எந்த நார்மலைசும் சரிசெய்யாது. ‘பௌர்ணமி’யைப் பலர் ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் ‘ள’ என்ற எழுத்தை வைத்துத் தட்டுகிறார்கள். ஔகாரக் குறியின் வலப்பாதிக்கு 3031 என்று தனி எண் உண்டு. ‘ள’வின் எண் 2995. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு எழுத்துப்பிழை. இதற்கு மாற்றுப் பெயர்ப் பட்டியல்தான் வழி. அதே பட்டியலில் பீச் என்றால் கடற்கரை என்பதும், தொண்டியார்பேட்டை என்று தட்டினால் தண்டையார்பேட்டை என்பதும் போய்ச் சேர்ந்தன.

தட்டச்சுப் பிழையைப் பொறுத்துக்கொள்ள லெவன்ஷ்டைன் தூரத்தைச் சேர்த்தார்: ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்ற கணக்கு. குறியெண் அளவில் அல்லாமல் எழுத்து அளவில் கணக்கிட்டது சரியான முடிவு. ஜாவாஸ்கிரிப்ட்டின் ‘இன்டல் செக்மென்டர்’ கருவி கொருக்குப்பேட்டையை எட்டு எழுத்தாகவே பிரித்துக் கொடுக்கிறது. ஆனால் எல்லாப் பெயருக்கும் இரண்டு பிழை வரை அனுமதித்தார். சூலூர்பேட்டைக்கு முன்னால் தடா என்று ஒரு நிலையம் இருக்கிறது. இரண்டே எழுத்து. இரண்டு பிழை அனுமதித்தால், எந்த இரண்டெழுத்தைத் தட்டினாலும் தடா வந்து நிற்கும். பெயரின் நீளத்தைப் பொறுத்து வரம்பு மாற வேண்டும்: மூன்றெழுத்து வரை பூஜ்யம், ஆறு வரை ஒன்று, அதற்கு மேல் இரண்டு.

இந்த ஆய்வில் நமக்கு மிகவும் பிடித்தது அகர வரிசை. இடப்பெயர்ப் பட்டியலை ‘சார்ட்’ என்று சாதாரணமாக வரிசைப்படுத்தியபோது புளியந்தோப்பு முன்னால் வந்தது, புழல் பின்னால். அமைந்தகரைக்குப் பின் அம்பத்தூர். இரண்டும் தவறு. யூனிகோடின் தமிழ்ப் பகுதி ஐஎஸ்சிஐஐ என்ற இந்தியத் தரத்தைப் பின்பற்றியது. எல்லா இந்திய எழுத்துகளும் ஒரே சட்டகத்தில் அமர வேண்டும் என்பதால் ‘ந’வை அடுத்து ‘ன’, ‘ர’வை அடுத்து ‘ற’, பிறகு ல, ள, ழ, வ என்று அடுக்கினார்கள். ‘ள’ 2995, ‘ழ’ 2996. நம் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. மேலும் புள்ளியின் எண் 3021, எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால். நமக்கோ ‘ம்’ வந்த பிறகுதான் ‘ம’, ‘மா’, ‘மை’.

மொழிக்கேற்ப வரிசைப்படுத்த ‘இன்டல் கொலேட்டர்’ என்ற ஆயத்தக் கருவி இருக்கிறது. அதை எடுப்பதற்கு முன் அவர் தானே ஒரு வரிசை எண் கட்டிப் பார்த்தார். 18 மெய்க்கு 0 முதல் 17 வரை எண். உயிர்ப் பகுதிக்கு, புள்ளி என்றால் 0, அ என்றால் 1, ஔ என்றால் 12. மெய் எண்ணை 13-ஆல் பெருக்கி உயிர் எண்ணைக் கூட்டினால் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண். 18 பெருக்கல் 13 என்பது 234. உயிர் 12-உம் ஆய்தம் 1-உம் அவற்றுக்கு முன்னால் நிற்க, மொத்தம் 247. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அதே 247, இடத்துக்கு இடம் அடிமானம் மாறும் கலப்பு அடிமான எண்முறையின் பலனாகத் தானாக வந்து விழுகிறது. ஒரு பைட்டில் 256 இடம் உண்டு, ஆகவே அடங்கிவிடும் என்று தோன்றும். ஜ, ஷ, ஸ, ஹ சேர்ந்தாலே இன்னும் 52 வேண்டும், ஒரு பைட் போதாது. இதைக் கட்டி முடித்தவருக்கு எண்முறை, குறியாக்கம், ஒப்பீட்டுச் செயற்கூறு மூன்றும் மறக்காது. பிறகு இரண்டு முறைகளையும் ஒரே பட்டியலில் ஓட்டி, வேறுபடும் இடங்களை மட்டும் பார்த்துச் சரிசெய்தார்.

மிகையாகப் போன இடம்

வழி தேடலுக்கு, மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ராவின் முறையை எழுதினார். 1959-இல் வெளியான, எல்லாப் பாடத்திட்டத்திலும் உள்ள முறை. ஒய் வடிவப் பாதையில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஒரே வழிதான். குறுகிய வழி என்று தேட ஒன்றும் இல்லை. பயணி கேட்பது எது சீக்கிரம் சேர்க்கும் என்பதை, அது தூரக் கணக்கு அல்ல, நேரக் கணக்கு. மீஞ்சூரிலிருந்து ராயபுரத்துக்கு, சென்ட்ரல் வண்டியில் ஏறி கொருக்குப்பேட்டையில் மாறுவதா, கடற்கரை வண்டிக்குக் காத்திருப்பதா?

இதற்கு 2013-இல் வெளியான இணைப்பு வருடல் முறை கச்சிதம். ஒரு வண்டி ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் போவது ஓர் இணைப்பு. 20 நிலையம், 80 வண்டி என்று வைத்துக்கொண்டால் 19 பெருக்கல் 80, 1520 இணைப்புகள். கிளம்பும் நேரப்படி ஒருமுறை வரிசைப்படுத்தி வைக்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் ‘சேரும் நேரம்’ முடிவிலி. புறப்படும் நிலையத்துக்கு மட்டும் இப்போதைய நேரம். மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை வருட வேண்டும்: இணைப்பு கிளம்பும் முன் அங்கே சேர முடியுமா? முடிந்தால், அடுத்த நிலையத்தின் நேரம் குறைகிறதா? குறைந்தால் எழுது.

வண்டி மாற 5 நிமிடம் சேர்த்தபோது உடைந்தது. எல்லா நிலையத்திலும் 5 நிமிடம் கேட்டதால், உட்கார்ந்திருக்கும் வண்டியிலேயே அடுத்த நிலையத்தில் ‘ஏற நேரமில்லை’ என்று முறை சொன்னது. வண்டி நின்று கிளம்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒவ்வொரு வண்டிக்கும் ‘ஏற்கெனவே ஏறியாகிவிட்டது’ என்ற கொடி ஒன்று தேவை. கொடி இருந்தால் மாறும் நேரத்தைக் கேட்கக் கூடாது. மூல முறையிலேயே இது இருக்கிறது. நிரலின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு எழுதினால் இதுதான் நடக்கும்.

வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் இருகூறுத் தேடலையும் ஓரிடத்தில் போட்டிருந்தார். 80 வரியில் அதிகபட்சம் 7 ஒப்பீடு, நேராகத் தேடினால் 80. கைபேசியில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கற்றுக்கொள்ள எழுதினால் நல்லது. செயலி வேகமாகிவிட்டது என்று அறிமுகக் குறிப்பில் எழுதக் கூடாது. அந்த வரியை நீக்கச் சொல்வோம்.

பழைய அட்டவணை ஒட்டிக்கொண்டது

நேரம் மாறியபின் புதுக் கோப்பை ஏற்றியும் சிலருக்குப் பழையதே தெரிந்தது. சர்வீஸ் வொர்க்கர் எதைக் கேட்டாலும் முதலில் சேமிப்பிலிருந்து கொடுத்தது. புது வொர்க்கர் இறங்கினாலும், பழையது ஆளும் பக்கங்கள் எல்லாம் மூடப்படும்வரை காத்திருக்கும். முகப்புத்திரையில் வைத்த செயலியை யாரும் சரியாக மூடுவதில்லை. பக்கத்தைச் சேமிப்பிலிருந்தும், அட்டவணைக் கோப்பை இணையத்திலிருந்தும் கேட்டு, மூன்று வினாடியில் வராவிட்டால் மட்டும் சேமிப்புக்குப் போகும்படி பிரித்தார். அட்டவணை நடைமுறைக்கு வந்த தேதியைத் திரையின் அடியில் எழுதினார். இந்தக் கடைசி வேலை ஐந்து நிமிடம்தான். பயணி எதை நம்பலாம் என்று அவரே முடிவு செய்ய அது வேண்டும்.

தரவுக் கோப்பிலும் ஒரு திருத்தம். ஒவ்வொரு வரியிலும் நிலையத்தின் முழுப் பெயரை எழுதியிருந்தார். பெயரை ஒருமுறை மட்டும் வைத்து மற்ற இடங்களில் எண்ணைப் போட்டார். அளவு குறையும் என்று எதிர்பார்த்தார். கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கும் சேவை சுருக்கி அனுப்பும்போது திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் ஏற்கெனவே சுருங்கிவிடுவதால் பெரிய லாபம் இல்லை. கிடைத்தது வேறு: இரண்டு விதமான ‘கொ’ ஒரே கோப்பில் கலக்க இனி வழியே இல்லை. தரவுத்தளப் பாடத்தில் இயல்பாக்கம் என்று படிப்பது இதைத்தான்.

படிப்பு எங்கே சேர்ந்தது

அவர் பாடங்களைப் பாடத்திட்ட வரிசையில் படிக்கவில்லை. எழுத்துக் குறியாக்கம் முதலில், பிறகு வரிசைப்படுத்தல், பிறகு கிராஃப், கடைசியில் வலைப்பின்னல். ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடிஇஎல்-இன் காணொலிகள் இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். வீட்டில் இடமில்லாதவர்களுக்கு, 2024-இல் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம் போன்ற, உட்கார்ந்து படிக்கும் பொது இடங்கள் வட சென்னைக்குள்ளேயே இருக்கின்றன. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் அவரிடம் தீராத ஒரு பிழை இருந்ததால், காணொலியில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருந்தது.

இந்த வழியின் பள்ளமும் தெளிவு. செயலி கேட்காததை அவர் படிக்கவில்லை. சர்வர் இல்லாததால் பல பேர் ஒரே தரவை ஒரே நேரத்தில் மாற்றும்போது என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாது. நினைவக மேலாண்மையும் அப்படியே. நேர்காணலில் கேட்டால் திணறுவார். பயணிகள் தாமதத்தைப் பதிவு செய்யும் வசதியைச் சேர்த்தால் முதல் குறை தானாக வந்து கதவைத் தட்டும்: ஒரே வண்டிக்கு இரண்டு பேர் ஒரே நொடியில் பதிவு செய்தால் எது நிற்கும்? இரண்டாவதுக்கு சி மொழியில் அதே இணைப்பு வருடலை எழுதிப் பார்க்கச் சொல்வோம். 1520 இணைப்புகளுக்கு எத்தனை பைட் ஒதுக்குவது என்று கையால் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

தீராமல் நிற்பது விடுமுறை. பண்டிகை நாட்களில் ஞாயிறு அட்டவணைப்படி வண்டி ஓடும் என்று ரயில்வே அவ்வப்போது அறிவிக்கும். அந்தத் தேதிகளைக் கையால்தான் சேர்க்க வேண்டும். இப்போது கோப்பில் அதற்கு ஒரு தனி வரிசை இருக்கிறது, வெறும் தேதிச் சரங்களாக. அந்தத் தேதிகளின் விடியற்காலை 4:40-க்கும் ஒரு சோதனை ஓடுகிறது.